இறக்குவானையில் பிறந்தவரும் அவருக்குக் கிடைத்த வேடங்களும்

சப்ரகமுவ மண்ணில் எடுத்த படங்களிலேயே உலகத்தில் அதிகம் பேர் பார்த்தது எதுன்னு கேட்டா பதில் சுலபம். 'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்'. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்த படம். சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கார் விருதுகள். கேகாலை மாவட்டத்தில், களனி கங்கை ஓடும் கித்துல்கலவில்தான் அந்த மரப்பாலத்தைக் கட்டி, ரயிலோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்றைக்கும் கித்துல்கலவுக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆற்றங்கரையில் அந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டுவாங்க.

படத்தின் கதை சியாம் - பர்மா ரயில்பாதை. 1942, 43இல் ஜப்பானிய இராணுவம் அதைப் போட்டது. பிரித்தானிய, அவுஸ்திரேலிய, டச்சுக் கைதிகள் சுமார் 60,000 பேர் அதில் வேலை வாங்கப்பட்டார்கள். ஏறத்தாழ 12,000 பேர் செத்தார்கள். இது உலகத்துக்கே தெரியும், காரணம் இந்தப் படம். ஆனால் அந்தப் பாதையில் கைதிகளைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியக் கூலித் தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் சுமார் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் பெருந்தொகையானவர்கள் மலாயாவின் இறப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். பால் வெட்டிக்கொண்டிருந்த சனம்.

படத்தில் ஒரு பிரித்தானிய அதிகாரி இருக்கிறார், ஒரு ஜப்பானிய அதிகாரி இருக்கிறார், தப்பி ஓடும் ஓர் அமெரிக்கர் இருக்கிறார். தமிழ்த் தொழிலாளி ஒருவர்கூட இல்லை. இத்தனைக்கும் படப்பிடிப்பு நடந்த இடத்தைச் சுற்றி யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பக்கமெல்லாம் இறப்பர் தோட்டங்கள்தான். லயங்களில் இருந்தவர்களும் பால் வெட்டும் தமிழர்கள்தான். கதையில் வரவேண்டியவர்களின் சொந்தக்காரர்கள் கமராவுக்குப் பக்கத்து மலையிலேயே இருந்திருக்கிறார்கள்! கமரா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். படத்தில் எங்களுடைய வேடத்தை யார் போடுகிறார்கள், நாங்கள் போனால் எங்களுக்கு எந்த வேடம் தருகிறார்கள் என்பது பற்றி. எம்பிலிப்பிட்டியவிலிருந்து பார்த்தால் இந்தக் கேள்வி வேற மாதிரித் தெரியும். மலையகத் தமிழர்னா நுவரெலியாக் குளிர், தேயிலை, முதுகுல கூடை என்றுதான் எல்லாருக்கும் மனசில் படம். இங்கே வெயில் கொளுத்தும். கீழே வயலும் வாழையும். கொடகவெல பக்கமாக ஏறி இறக்குவானை, காவத்தைன்னு போனால்தான் தோட்டங்கள். அங்கேயும் தேயிலையோடு இறப்பரும் உண்டு. நாங்கள் அந்தப் பொதுவான படத்துக்குள்ளேயே அடங்காதவர்கள்.

இப்படிக் காணாமல் போவது குவாய் பாலத்தோடு தொடங்கவில்லை. 1934இல் வந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தை சினிமா படிக்கிற எல்லாருக்கும் போட்டுக் காட்டுவார்கள். இயக்கியவர் பசில் ரைட், தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. தேயிலை விற்கத்தான் படம். அதில் சிவனொளிபாதமலை யாத்திரை வருகிறது, சிங்களக் கிராமம் வருகிறது, கண்டிய நடனம் வருகிறது. மூன்றாவது பகுதியில் வர்த்தகத்தைக் காட்டும்போது காட்சியில் உழைப்பு, ஒலியில் சந்தை விலை சொல்லும் ஆங்கிலக் குரல்கள். அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்துக்கான பணத்தைத் தங்கள் கையால் பறித்துக் கொடுத்தவர்களுக்கு அதில் ஒரு குரல்கூட இல்லை.

இருபது வருடம் கழித்து, 1954இல், 'எலிபன்ட் வோக்'. எலிசபெத் டெய்லர் தேயிலைத் தோட்டத்துத் துரையின் மனைவியாக வந்த ஹொலிவூட் படம். இலங்கையில் படப்பிடிப்பு. பங்களாவின் தலைமை வேலையாள் அப்புஹாமி. அந்த வேடத்தைப் போட்டவர் ஏப்ரகாம் சொஃபேர், ரங்கூனில் பிறந்த யூதர். தோட்டத்துச் சனம் வருவது கொலரா வந்து கூட்டமாகச் சாகும்போது. யானைகளுக்கு அவர்களைவிட நல்ல வேடம்.

அந்தக் காலத்தில் ஹொலிவூட்டுக்கு இது வழக்கம்தான். தங்கள் நாட்டிலேயே இருந்த லத்தீனோக்களை (மெக்சிக்கோ, பியூர்ட்டோ ரிக்கோ, கியூபா போன்ற இடங்களில் வேர் உள்ள அமெரிக்கர்களை) அவர்கள் நடத்திய விதமும் இதேதான். 1958இல் 'டச் ஒஃப் ஈவில்' படத்தில் மெக்சிக்கோ அதிகாரியாக வந்தவர் சார்ல்டன் ஹெஸ்டன், முகத்தில் பழுப்புப் பூச்சோடு. 1961இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் பியூர்ட்டோ ரிக்கோப் பெண் மரியாவாக வந்தவர் ரஷ்யப் பெற்றோரின் மகள் நட்டாலி வூட். அதே படத்தில் உண்மையிலேயே பியூர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரீட்டா மொரேனோ இருந்தார். அவருக்கும் கறுப்புப் பூச்சு! உன் சொந்த நிறம் உன் இனத்துக்குப் போதாது என்கிற மாதிரி. அவர் அந்தப் படத்துக்கு ஆஸ்கார் வாங்கினார் என்பது வேறு கதை.

சிரிப்பதற்கு முன்னால் நம்ம பக்கமும் பார்த்துக்கொள்வோம். 2021இல் 'த ஃபெமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவத்தில் ஈழத்துப் போராளிப் பெண்ணாகச் சமந்தா வந்தார். ரீட்டா மொரேனோவுக்குப் பூசின பூச்சுக்கு அறுபது வயசாகியும் டப்பா இன்னும் காலியாகவில்லை.

பூச்சைப் பற்றிப் பேசுவது லேசு. கண்ணுக்குத் தெரியும், கோபம் வரும். அதைவிடச் சிக்கலானது அடுத்த படி: அந்தச் சமூகத்து நடிகரே உள்ளே வந்துவிட்டார், இப்போது அவருக்கு என்ன வேடம்? லத்தீனோ நடிகர்கள் நீண்ட காலம் சொல்லிவரும் குறை இதுதான். போதைப்பொருள் கடத்துபவன், கும்பல்காரன், வீட்டு வேலைக்காரி. பெயர் மாறும், வேடம் மாறாது. அதோடு எல்லா லத்தீனோவும் ஒண்ணுதான் என்கிற நினைப்பு. 1997இல் மெக்சிக்க - அமெரிக்கப் பாடகி செலினாவின் வாழ்க்கைப் படத்தில் ஜெனிபர் லோபஸ் நடித்தபோது எதிர்ப்பு வந்தது. அவர் பியூர்ட்டோ ரிக்கோ வம்சம். வெளியாளுக்கு இரண்டும் ஒண்ணு. டெக்சாஸில் இருக்கிற மெக்சிக்க - அமெரிக்கருக்கு ஒண்ணில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு தர்ஷன் தர்மராஜ் ஞாபகம் வருகிறார். அவரிடம் போவதற்கு முன்னால், எங்க ஆட்களே எடுத்த படங்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் நியாயமில்லை.

இலங்கைத் தமிழ்ப் படங்களின் கதை தொடங்கியதே தோட்டத்துப் பக்கம்தான் என்று சொல்லலாம். 1962இல் 16 மில்லிமீட்டரில் 'சமுதாயம்' வந்தது. அடுத்து 1963இல் கிருஷ்ணகுமார் எடுத்த 'தோட்டக்காரி'. பெயரே சொல்லிவிடும். 1975இல் வந்தது 'புதிய காற்று'. எஸ். இராமநாதன் இயக்கம், தயாரித்து நாயகனாக நடித்தவர் வி. பி. கணேசன். அவர் தொழிற்சங்கத் தலைவரும்கூட. மனோ கணேசன், பிரபா கணேசன் ஆகியோரின் தகப்பனார் என்று சொன்னால் உங்களுக்கு உடனே புரியும். அவர் பிறகு 'நான் உங்கள் தோழன்', 'நாடு போற்ற வாழ்க' என்று மேலும் இரண்டு படங்கள் எடுத்தார். எம்.ஜி.ஆர். படங்களின் சாயல் அவற்றில் பலமாக உண்டு. நாயகன் அடிப்பார், பாடுவார், நியாயம் கேட்பார். ஆனாலும் தோட்டத் தொழிலாளியின் வாழ்க்கையைத் திரையில் சொல்லவேண்டும் என்று ஒரு தொழிற்சங்கக்காரரே காசு போட்டு இறங்கியது சின்ன விஷயம் இல்லை.

எந்த வருடம் என்று பாருங்க. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் எங்க சனத்தில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப, 300,000 பேரை இங்கே வைத்துக்கொள்ள எழுதியது. மிச்சம் 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கப்பல் ஏறுகிற காலத்தில், தலைமன்னாருக்குப் பெட்டி கட்டுகிற காலத்தில், இங்கே ஒரு படம். அந்தப் படத்தை வெறும் மசாலா என்று தள்ளிவிட எனக்கு மனசு வராது.

அமெரிக்காவில் இதற்கு ஓர் அண்ணன் இருக்கிறது. 'சோல்ட் ஒஃப் த ஏர்த்', 1954. நியூ மெக்சிக்கோவில் துத்தநாகச் சுரங்கத்தில் மெக்சிக்க - அமெரிக்கத் தொழிலாளர்கள் 1950இலிருந்து 1952 வரை நடத்திய வேலைநிறுத்தம்தான் கதை. ஆண்கள் மறியல் செய்யக்கூடாதென்று நீதிமன்றம் தடுத்ததும் பெண்கள் வந்து மறியலில் நின்றார்கள். படத்தை எடுத்த இயக்குநர் ஹேர்பர்ட் பைபர்மன், கம்யூனிஸ்ட் என்று ஹொலிவூட் ஒதுக்கி வைத்தவர். நாயகன் வேடத்தில் ஹுவான் சக்கோன், அந்தத் தொழிற்சங்கக் கிளையின் உண்மையான தலைவர். மற்ற வேடங்களில் பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர்களும் அவர்களின் குடும்பங்களும். நாயகி ரொசௌரா ரெவுவெல்தாஸ் மெக்சிக்கோ நடிகை. படப்பிடிப்பு முடியும் முன்னாலேயே குடிவரவு அதிகாரிகள் அவரைப் பிடித்தார்கள், அவர் நாட்டை விட்டுப் போகவேண்டி வந்தது. அமெரிக்கா முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய தியேட்டர்களே படத்தைப் போட்டன. கணேசனின் படங்களும் இதுவும் கலையில் ஒரே தரம் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டிலும் தொழிலாளி வேடத்துக்கு வெளியில் ஆள் தேடவில்லை என்பதுதான் விஷயம்.

உண்மையில் எங்க தோட்டங்களில் வேடம் போடுவதற்கு ஆள் தேடின வழக்கமே கிடையாது. மாசி மாதம் காமன் கூத்து வந்தால் ரதியும் மன்மதனும் பக்கத்து லயத்து ஆட்கள்தான். காலையில் மலைக்குப் போகிற ஆண் பிள்ளை இராத்திரி ரதி. காப்புக் கட்டிவிட்டால் அவரை ஊரே மரியாதையாகப் பார்க்கும். ஆண் பெண்ணாக வருவதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. 'வேற ஆள் நம்ம வேடத்தைப் போடக்கூடாது' என்பதல்ல என் வாதம், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நடிப்பு என்றால் வேற ஆளாக மாறுவதுதானே.

சிங்கள சினிமாவில் அதற்கு நல்ல உதாரணமும் உண்டு. 1979இல் சுனில் ஆரியரத்ன இயக்கிய 'சருங்கலே'. சிங்கள சினிமாவின் பெரிய நட்சத்திரம் காமினி பொன்சேகா அதில் நடராஜா என்கிற யாழ்ப்பாணத்து எழுதுவினைஞராக வந்தார், தமிழும் பேசினார். 1977 வன்முறை நடந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு சிங்கள நட்சத்திரம் தமிழராக வந்து, 1958 கலவரத்தைப் பற்றிய கதையில் நடிப்பதற்குத் துணிச்சல் வேண்டும். அங்கே கேலி இல்லை. அதே காலத்திலும் பிறகும் நகைச்சுவைக் காட்சிகளில் வந்த, சிங்களத்தை உடைத்துப் பேசும் தோட்டத்துத் தமிழரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

சரி, தர்ஷன்.

இறக்குவானையில் பிறந்தவர். எம்பிலிப்பிட்டியவிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய் வந்துவிடலாம், அவ்வளவு கிட்ட. பிறந்த வருடம் 1981. அந்த வருடம் ஆகஸ்டில்தான் இரத்தினபுரி மாவட்டத்தில், இறக்குவானை, காவத்தைப் பக்கத் தோட்டங்களில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்தத் தலைமுறையில் பிறந்த ஒரு தமிழ்ப் பையன் சிங்களத் திரையில் நாயகனாக வருவான் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாங்க.

அவருடைய முதல் படம் 2008இல் வந்த 'பிரபாகரன்'. துஷார பீரிஸ் இயக்கிய போர்ப் படம். 2012இல் பூதி கீர்த்திசேனவின் 'மாதா', அதுவும் போர்ப் படம். அதே வருடம் அசோக ஹந்தகமவின் 'இனி அவன்'. போர் முடிந்து, புனர்வாழ்வு முகாமிலிருந்து யாழ்ப்பாணத்து ஊருக்குத் திரும்பும் முன்னாள் போராளி. பெயரில்லாத 'அவன்'. கான் திரைப்பட விழாவின் ஏசிட் பிரிவில் திரையிடப்பட்டது. அந்தப் படத்தை இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து பாருங்க. அதிகம் பேசாமல், தோளைக் கொஞ்சம் குனிந்து, ஊரே திரும்பிப் பார்க்கிற ஓர் ஆளாகத் தர்ஷன் நடந்து வருவது ஒன்று போதும். சிங்கள இயக்குநர் ஒருவர் தமிழில் எடுத்த படம், தமிழர்களைத் தமிழர்களே நடித்த படம். இந்த அளவில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் வரிசையை ஒருமுறை திரும்ப வாசித்துப் பாருங்க. போர், போர், போரிலிருந்து திரும்பியவன். இரத்தினபுரி மாவட்டத்துக்காரர் ஒருவருக்குச் சினிமா முதலில் திறந்த கதவு வடக்கின் துப்பாக்கி. தமிழ் முகம் என்றால் புலி, புலியாக இருந்தவன், புலி என்று சந்தேகிக்கப்படுபவன். லத்தீனோ நடிகருக்குப் போதைக் கடத்தல்காரன் வேடம் காத்திருந்த மாதிரி. அதற்கு மேல் செலினா படத்துக் கணக்கும் சேருகிறது: மலையகத் தமிழர், யாழ்ப்பாணத் தமிழர், எல்லாம் தமிழர்தானே! பேச்சு வேற, சாப்பாடு வேற, சாமி கும்பிடுகிற விதம் வேற, அரசியல் வேற, இலங்கை அரசு எழுதிய சட்டமே வேற. கொழும்பிலிருந்து பார்க்கும்போது இதெல்லாம் ஒரே நிறமாகிவிடுகிறது.

எனக்கு ஆதங்கம் இந்த இடத்தில்தான். 1977லும் 1981லும் அடிபட்ட பிறகு ஆயிரக்கணக்கான மலையகக் குடும்பங்கள் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறின. தமிழர் பிரதேசம், அங்கே போனால் உயிர் தப்பும் என்று போனவர்கள். எல்லைக் கிராமங்களில் காடு வெட்டிக் குடியிருந்தார்கள், 'தோட்டக்காட்டான்' என்று அங்கேயும் பெயர் வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் பிறகு இயக்கத்தில் இருந்தார்கள், பலர் போரில் செத்தார்கள். ஆக, இறக்குவானை மலையில் பிறந்து, எரிந்த லயத்திலிருந்து வன்னிக்குப் போய், ஆயுதம் தூக்கி, புனர்வாழ்வு முடிந்து வெளியே வருகிற ஒருவன் கற்பனைப் பாத்திரம் இல்லை. அந்த வேடத்துக்கு இந்த நாட்டிலேயே பொருத்தமான நடிகர் ஒருத்தர் இருந்தார். கதையில் அவன் ஊரை மட்டும் இறக்குவானை என்று யாரும் எழுதவில்லை. நடிகரைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது என்று நான் நினைப்பது இதனால்தான். எழுதுகிற மேசையில் யார் இருக்கிறார்கள் என்பது அதற்கும் முன்னால் வருகிற கேள்வி.

தமிழ்நாட்டுப் பக்கம் போனால் இன்னொரு விசித்திரம். உலகத்திலேயே அதிகம் பேருக்குத் தெரிந்த மலையக வம்சாவளித் தமிழர் யார்? முத்தையா முரளிதரன். அவருடைய தாத்தா தேயிலைத் தோட்டத்து வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கண்டிக்கு வந்தவர். அவருடைய வாழ்க்கையை '800' என்று எடுக்கப் போனபோது முதலில் விஜய் சேதுபதி என்றார்கள். தமிழ்நாட்டில் பெரிய எதிர்ப்பு. 2020 ஒக்டோபரில் முரளிதரனே கேட்டுக்கொள்ள, சேதுபதி விலகினார். எதிர்ப்புக்குக் காரணம் முரளிதரனின் அரசியல் பேச்சுகள். அதைப் பற்றி ஆளுக்கு ஆள் கருத்து இருக்கலாம், எனக்கும் இருக்கிறது. கடைசியில் 2023 ஒக்டோபரில் எம். எஸ். ஸ்ரீபதி இயக்கத்தில் படம் வந்தபோது முரளியாக நடித்தவர் மதூர் மித்தல். 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்தில் அண்ணன் சலீமாக வந்தவர், ஆக்ராவில் பிறந்தவர்.

அவர் மோசமாக நடித்தார் என்று சொல்ல மாட்டேன். பந்தை விடும்போது கண் விரிவதுகூட முரளி மாதிரியே இருந்தது. ஆனால் அந்த மூன்று வருடச் சண்டையில் ஈழம் பேசப்பட்டது, இலங்கை அரசு பேசப்பட்டது, தமிழ்த் துரோகம் பேசப்பட்டது. முரளிதரன் மலையகத்தார், அவருடைய வரலாறு வேறொரு வரலாறு, அந்த வேடத்துக்குக் கண்டியிலோ பதுளையிலோ பலாங்கொடையிலோ ஒரு பையனைத் தேடலாமே என்பது சண்டையின் எந்தப் பக்கத்திலிருந்தும் என் காதில் விழவில்லை. நாங்கள் வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஆட்கள் நடந்து போனதும் அதே 2023தான்.

அதே வருடம் பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' வெளிநாட்டு விழாக்களுக்குப் போனது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது மலைநாட்டுக்குச் சுற்றுலா வரும் இந்தியத் தம்பதியின் கதை. அவர்களுடைய பொருட்கள் களவு போக, பொலிஸ் பிடித்துக்கொண்டு வருவது தோட்டத்துத் தமிழ்ப் பையன்களை. நாயகனும் நாயகியும் மலையாள நடிகர்கள். தோட்டத்துப் பையன்கள் சந்தேகநபர்கள். படம் எங்களுக்கு எதிரானது இல்லை, சரியாகச் சொன்னால் எங்களுக்காகக் கோபப்படுகிற படம். இருந்தாலும் வரிசையில் நிற்க வைக்கப்பட்ட அந்தப் பையன்களின் வீட்டுக்குள் கமரா எப்போது போகும் என்றுதான் பார்க்கும்போது எனக்கு இருந்தது.

எங்க பக்கத்து வாழ்க்கைக்குத் திரையில் ஒரு காட்சியும் சிக்காததற்கு இன்னொரு காரணம், அது அஞ்சலட்டை மாதிரி இல்லாதது. பால் வெட்டு விடியற்காலையில் தொடங்கும், வெயில் ஏறுவதற்குள் மரம் முடிய வேண்டும், இரவு மழை பெய்தால் அன்றைக்கு வேலை சந்தேகம். சிரட்டையில் பால் சொட்டுவதைப் பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி எடுக்க முடியாது. அதோடு மொழி. இரத்தினபுரி மாவட்டத்தில் எங்க வயசுக்காரர் பலர் சிங்களத்தை எந்த உடைசலும் இல்லாமல் பேசுவோம். எம்பிலிப்பிட்டிய பஸ் ஸ்டாண்டில் எங்களை யாரும் தமிழர் என்று கண்டுபிடிப்பதில்லை. டெலிநாடகத்தில் காட்ட வேண்டும் என்றால் பெரிய பொட்டு வைத்து, 'மாத்தயா' என்பதை ஒரு மாதிரி இழுத்துப் பேசச் சொல்வார்கள், அப்போதுதான் பார்க்கிறவருக்குப் புரியுமாம்.

தர்ஷன் சிங்களப் படங்களில் பேசிய சிங்களத்தைக் கேட்டுப் பாருங்க. 2022 ஒக்டோபர் 2ஆம் திகதி அவர் காலமானார், வயது 41. பால் வெட்டுபவராக, கொழுந்து நிறுக்கிற கணக்குப்பிள்ளையாக, சும்மா இறக்குவானை டவுனில் கடை வைத்திருக்கிற ஒருவராக அவரை எழுதிய படம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.